போதைக் கண்ணாடியும் பின்சீட்டும்: கல்லூரிக்கு வந்த ஒரு நாள் பயிற்சி எப்படி இருந்தது?

மூன்று வருடமாக எங்கள் கல்லூரியில் மாணவர் நலப் பொறுப்பு என் தலையில் இருக்கிறது. யாரும் கேட்டு வாங்குகிற பொறுப்பு இல்லை இது, அந்தக் கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன், போவதற்குள் என் பெயரை எழுதிவிட்டார்கள். அப்படித்தான் ‘குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே’ நிகழ்ச்சிகளை வருடத்துக்கு ஒன்று என ஏற்பாடு செய்கிற ஆள் ஆனேன். முதல் வருடம் ஒரு மணி நேரச் சொற்பொழிவு, பாதி அரங்கம் தூங்கியது. இரண்டாம் வருடம் சுவரொட்டிப் போட்டி, பரிசு வாங்கிய பையனை அடுத்த மாதமே எந்த நிலையில் எங்கே பார்த்தேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். மூன்றாம் வருடம்தான் காசு கொடுத்து, வெளியிலிருந்து ஒரு குழுவை அழைத்து, ஒரு நாள் முழுக்க நடக்கும் பயிற்சியை வைத்தோம். இந்த விமர்சனம் அதைப் பற்றியது.

குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை நிறைய சொல்லப்போகிறேன், தவிர இதே சரக்கை (மன்னிக்கவும், வேறு வார்த்தை கிடைக்கவில்லை) இதே வரிசையில் அடுக்கித் தருகிற குழுக்கள் பல ஊர்களில் பல நாடுகளில் இருக்கின்றன. உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ அழைக்க நினைத்தால், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதற்கு இது உதவலாம்.

நான்கு பயிற்சியாளர்கள் வந்தார்கள். எண்பது மாணவர்கள், ஒரே அரங்கம். முதல் தவறே அந்த எண்பதுதான், அதில் பாதிப் பழி என் மேல்.

ஆரம்பமே வீடியோ. நொறுங்கிய கார், ரோட்டில் கிடக்கும் செருப்பு, சோக இசை, பின்னணியில் கனத்த குரல். இருபது நிமிடம் ஓடியது. முன் வரிசையில் சிலர் முகம் சுளித்தார்கள், பின் வரிசையில் செல்போன் வெளிச்சம் தெரிந்தது, நடுவில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். அவளுடைய அண்ணன் விபத்தில் போய் இரண்டு வருடம் ஆகிறதாம், எனக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை. ‘இப்படி ஒரு வீடியோ வரும், பார்க்க முடியாதவர்கள் வெளியே இருக்கலாம்’ என்று ஒரு வரி முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும். குழுத் தலைவரிடம் சொன்னபோது, ‘தாக்கம் வேணும்ல சார்’ என்றார். தாக்கம் யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். ஏற்கனவே அடிபட்டவள் மேல் விழுந்தது, விழ வேண்டியவர்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயமுறுத்துவது இந்தத் துறையில் பழைய நோய். அமெரிக்கப் பள்ளிகளில் ‘எவ்ரி ஃபிஃப்டீன் மினிட்ஸ்’ என்றொரு நிகழ்ச்சி உண்டு. எமன் வேடம் போட்டவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வகுப்புக்குள் வந்து ஒரு மாணவரை அழைத்துப் போவார், போனவர் அன்றைக்கு ‘இறந்தவர்’, முகத்தில் வெள்ளைப் பூச்சு, யாரோடும் பேசக் கூடாது, மறுநாள் போலி இரங்கல் கூட்டம். 2008இல் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளியில் இதையும் தாண்டிப் போனார்கள். காவல்துறையினர் வகுப்பு வகுப்பாக வந்து, உங்கள் தோழர்கள் வார இறுதியில் விபத்தில் இறந்துவிட்டார்கள் என்று நிஜம் போலவே அறிவித்தார்கள். பிள்ளைகள் கதறி அழுதார்கள், அது நாடகம் என்று தெரிய சில மணி நேரம் ஆனது, தெரிந்ததும் வந்த கோபம் முழுக்கப் பெரியவர்கள் மேல்தான். எங்கள் குழு அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் அதே வழியில்தான் நடந்தார்கள்.

அடுத்து வந்த அறிவியல் வகுப்பு, எதிர்பார்க்கவே இல்லை, நன்றாக இருந்தது. ஒல்லியாக ஒரு இளைஞர், மைக் கூட வாங்காமல் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு ஆரம்பித்தார். இரத்தத்தில் ஏறிய மதுவை நம் கல்லீரல் தன் வேகத்தில்தான் கழிக்கும், சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி இரத்தத்தில் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறையும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும், அவசரப்படுத்த வழியே கிடையாது என்றார். காபி குடித்தால்? ‘தூங்கி வழியற குடிகாரன் முழிச்சிருக்கிற குடிகாரனாவான், அவ்வளவுதான்.’ குளிர்ந்த தண்ணீரில் குளித்தால்? ‘நனைஞ்ச குடிகாரன்.’ அரங்கம் சிரித்தது. அப்புறம் ஒரு கணக்கு போடச் சொன்னார். ஒருத்தன் நள்ளிரவு 12 மணிக்கு நிறுத்துகிறான், அப்போது அவன் அளவு 150. எத்தனை மணிக்குப் பூஜ்யம் ஆவான்? 15 வீதம் என்றால் பத்து மணி நேரம். காலை 10 மணி. அதாவது அவன் தூங்கி, எழுந்து, குளித்து, காலை 8 மணிக்கு வண்டியை எடுக்கும்போது இன்னும் 30 இருக்கிறது. ஸ்வீடனில் சட்ட வரம்பு 20, அங்கே அவன் சட்டப்படி குற்றவாளி. ‘நான் நைட்டு ஓட்டலையே சார், காலைலதானே கிளம்பினேன்’ என்று பெருமைப்படுகிற கூட்டம் ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும், அந்தக் கூட்டம் அன்று என் அரங்கத்தில் அமைதியாக மொபைலில் கால்குலேட்டரைத் திறந்தது. நானும்தான் திறந்தேன்.

வரம்புகளைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றும் மனதில் நின்றது. இங்கிலாந்தில் 80, ஆஸ்திரேலியாவில் 50, இந்தியாவில் 30 என்று எண் மாறுகிறதே, உடம்பு மாறுமா என்று கேட்டார். எண்ணைப் போட்டது சட்டம், அதற்கு முன்பே உடம்பில் வேலை ஆரம்பித்துவிடும். அதிலும் ஒரே அளவு மது ஏறியிருந்தாலும் இளம் ஓட்டுநர்களுக்கு விபத்து அபாயம் வயதில் மூத்தவர்களை விட அதிகம், ஏனென்றால் ஓட்டிய அனுபவமும் குறைவு, குடித்த அனுபவமும் குறைவு. பல நாடுகளில் புது உரிமம் எடுத்தவர்களுக்கு மட்டும் வரம்பைப் பூஜ்யமாகவோ பூஜ்யத்துக்கு ஒட்டியோ வைத்திருப்பது இதனால்தான். இந்தக் காரணத்தை விளக்கினால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள், ‘நீங்க சின்னப் பசங்க, அதனால கூடாது’ என்று மட்டும் சொன்னால் முறைக்கிறார்கள். நாற்பது நிமிடம்தான் கொடுத்தார்கள் அவருக்கு. இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

இப்போது கண்ணாடிக்கு, அதாவது குடிக்காமலே குடித்தவன் பார்வையைக் காட்டுவதாகச் சொல்லும் போதைக் கண்ணாடிக்கு வருகிறேன். போஸ்டரில் பெரிதாகப் போட்டிருந்ததும், முதல்வர் ஆசையாகக் கேட்டதும், மாணவர்கள் காத்திருந்ததும் இதற்குத்தான்.

பார்க்க நீச்சல் கண்ணாடி மாதிரி, கொஞ்சம் தடிமன். போட்டுக்கொண்டால் தரை சாய்கிறது, உருவம் இரண்டாகிறது, கை நீட்டினால் பந்து வேறு இடத்தில் இருக்கிறது. குறைந்த போதைக்கு ஒன்று, அதிக போதைக்கு ஒன்று, இரவுக்குக் கறுப்படித்தது ஒன்று என்று ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார்கள். தரையில் நாடா ஒட்டி அதன் மேல் நடக்கச் சொன்னார்கள். பந்து பிடிக்கச் சொன்னார்கள். கூம்புகளுக்கு நடுவில் மிதிவண்டி போன்ற ஒரு நான்கு சக்கர வண்டியை மிதிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் தடுக்கி விழுந்து, கூம்பைத் தள்ளி, ஒருவரை ஒருவர் படம் பிடித்து, அரங்கமே திருவிழா ஆனது. நானும் போட்டுப் பார்த்தேன், நாடாவில் நான்காவது அடியில் நாற்காலியில் மோதினேன், அந்த வீடியோ இன்னும் வகுப்புக் குழுவில் சுற்றுகிறது.

பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. உறுதியாக இருக்கிறது, கண்ணாடி அணிபவர்களும் மேலே போட்டுக்கொள்ளலாம், வியர்த்தால் உள்ளே லேசாகப் பனி படிகிறது, ஒருவர் முகத்திலிருந்து அடுத்தவர் முகத்துக்குப் போகும்போது யாரும் துடைக்கவில்லை, அது ஒன்றுதான் அருவருப்பு. என் வாதம் இது சொல்லித்தரும் பாடத்தைப் பற்றி.

மது முதலில் கெடுப்பது கண்ணை இல்லை, தீர்மானத்தை. குடித்தவனுக்குத் தான் சரியாக ஓட்டுகிறோம் என்றே தோன்றும், இன்னும் சொன்னால் மற்ற நாளை விட நன்றாக ஓட்டுவதாகத் தோன்றும், அங்கேதான் ஆபத்து இருக்கிறது. இந்தக் கண்ணாடி அதற்கு நேர் எதிரான அனுபவத்தைத் தருகிறது. தெளிந்த மூளை, கெட்டுப்போன பார்வை. போட்டவனுக்குத் தனக்குத் தெரியவில்லை என்று நன்றாகத் தெரியும், அதனால் கையை நீட்டித் தடவி, காலை அளந்து வைக்கிறான். குடித்தவன் அப்படியா வைக்கிறான்?

இதை விட மோசமானது ஒன்று. முதல் தடவை தடுமாறிய பையன் ஒருவன் வரிசையில் திரும்ப வந்து நின்றான், இரண்டாவது தடவை பரவாயில்லாமல் நடந்தான், மூன்றாவது தடவை நாடாவை விட்டு இறங்கவே இல்லை. இறங்கி வந்து என்னிடம் சொன்னான்: ‘பழகிடுச்சு சார்.’ நாலு பேர் கை தட்டினார்கள். பழகினால் சமாளிக்கலாம் என்ற பாடத்தை, அதைத் தடுக்க வந்த நிகழ்ச்சியிலேயே, நாம் காசு கொடுத்துக் கற்றுக்கொடுத்தோம். பயிற்சியாளர் அதைக் கவனிக்கவே இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தவிர எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் பைக்தான் ஓட்டுகிறார்கள். இந்த விளையாட்டு முழுக்கக் காரை மனதில் வைத்து உருவானது. இரண்டு சக்கரத்தில் நிற்பதற்கே சமநிலை வேண்டும், அது கொஞ்சம் மதுவிலேயே ஆட்டம் காணும், அதைக் காட்ட நான்கு சக்கர வண்டி எதற்கு?

சிமுலேட்டர் பற்றி ஒரு பத்தி போதும். திரை, ஸ்டியரிங், பிரேக். ‘போதை’ பொத்தானை அழுத்தினால் நீங்கள் திருப்பிய பிறகு கொஞ்சம் தாமதித்து வண்டி திரும்பும், பிரேக்கும் அப்படியே. கண்ணாடியை விட இது நேர்மையானது, ஏனென்றால் எதிர்வினை தாமதமாவதுதான் உண்மையில் நடப்பது. ஆனால் இரண்டே இயந்திரம், ஆளுக்கு இரண்டு நிமிடம், ஆள் மாறி உட்கார ஒரு நிமிடம், எண்பது பேர். நீங்களே கணக்கு போடுங்கள். பாதிப் பேருக்குக் கிடைக்கவே இல்லை, கிடைத்தவர்கள் எத்தனை பேரை இடித்தோம் என்று மதிப்பெண் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊதினால் மது அளவைச் சொல்லும் மூச்சுக் கருவியைக் காட்டிய விதம் சுவாரசியம். ஒல்லி இளைஞர் திரும்ப வந்தார், மதுச்சத்து கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தை வாயில் ஊற்றித் துப்பிவிட்டு ஊதினார், எண் எகிறியது. பதினைந்து நிமிடம் வேறு பேச்சு பேசிவிட்டுத் திரும்ப ஊதினார், பூஜ்யம். வாயில் ஒட்டியிருப்பது வேறு, நுரையீரலின் ஆழத்திலிருந்து வருவது வேறு, பரிசோதிக்கும் முன் காத்திருக்கச் சொல்வது அதனால்தான் என்று விளக்கினார். இந்தக் கருவியை 1954இல் உருவாக்கியவர் ராபர்ட் போர்கன்ஸ்டைன் என்ற அமெரிக்கர், காவல்துறையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர், பின்னால் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் விபத்தில் சிக்கியவர்களையும் அதே இடங்களில் சும்மா கடந்து போனவர்களையும் ஊதச் சொல்லி ஒப்பிட்டு, மது கூடக் கூட அபாயம் எப்படி ஏறுகிறது என்று 1964இல் அறிக்கை கொடுத்தவர். பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடித்திருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாயிருக்கும். கடைசியில் பாக்கெட்டில் வைக்கிற சின்ன மூச்சுக் கருவியை விற்கவும் செய்தார்கள், ‘உங்க பாதுகாப்பு உங்க கையில’ என்று. வாங்காதீர்கள். ஒன்று, மலிவான குறைகடத்தி உணரி வைத்தவை மதுவையும் வேறு ஆவிகளையும் பிரித்தறிவதில் மோசம், அவ்வப்போது அளவு சரிபார்க்காவிட்டால் எண் நகர்ந்துவிடும், காவல்துறை வைத்திருக்கும் எரிபொருள் கலன் வகைக் கருவிகளோடு இவற்றை ஒப்பிட முடியாது. இரண்டு, கடைசி மடக்கு உள்ளே போய் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை இரத்த அளவு ஏறிக்கொண்டே இருக்கலாம், எனவே கிளம்பும்போது ஊதி ‘வரம்புக்குள்ள இருக்கேன்’ என்று பார்த்தவன் பாதி வழியில் வரம்பைத் தாண்டியிருப்பான். மூன்று, இளைஞர் கூட்டத்தில் இந்த மாதிரிக் கருவி கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், யார் எண் பெரிது என்று போட்டி நடக்கும். அன்றே இரண்டு பேர் கொப்பளிக்கும் மருந்தை வைத்து நடத்தினார்கள்.

மதியம் ஒருவர் பேசினார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கொஞ்சம் நொண்டி நடந்தார். அவரே குடித்துவிட்டு ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் இறந்துவிட்டான். மேடைக்கு வரவில்லை, கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அறிவுரை ஒன்றுகூடச் சொல்லவில்லை. நண்பனின் அம்மா இன்றைக்கும் தன்னைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், எழுந்து போய்விட்டார். காலையில் ரீல்ஸ் பார்த்த பின் வரிசையும் அசையவில்லை. இப்படிப்பட்ட பேச்சுகள் கேட்பவர்களின் நடத்தையை மாற்றுகின்றனவா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை, சில மாற்றம் காட்டுகின்றன, சில எதுவும் காட்டவில்லை. அந்த மௌனம் எத்தனை நாள் நிற்கும் என்று என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் இருபது நிமிட வீடியோ செய்யாததை அவர் பத்து நிமிடத்தில் செய்தார்.

சரி, இந்த விமர்சனத்தை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான பகுதிக்கு வருகிறேன். நிகழ்ச்சி நிரலில் கடைசியில், ‘நேரம் இருந்தால்’ என்ற தோரணையில் ஒரு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பெயர் ‘பின்சீட்டு’. நடத்தியவர் ஒரு அக்கா (மாணவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள்), அதுவரை பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவர், நான் அவரை அலுவலகப் பணியாளர் என்றே நினைத்திருந்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: ‘உங்கள்ல எத்தனை பேர் குடிச்சிட்டு ஓட்டியிருக்கீங்க?’ யாரும் கை தூக்கவில்லை, நான் உட்கார்ந்திருக்கும்போது தூக்குவார்களா. இரண்டாவது கேள்வி: ‘எத்தனை பேர் குடிச்சவங்க ஓட்டுற வண்டியில பின்னால உக்காந்து போயிருக்கீங்க?’ மெதுவாக ஒரு கை, அப்புறம் நான்கு, அப்புறம் அரங்கத்தில் எண்ண முடியாத அளவுக்கு. பெண்கள் நிறைய. குடிக்கவே குடிக்காதவர்கள் நிறைய. எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து பேசியதெல்லாம் ஓட்டுகிறவனிடம், ஆனால் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு இந்த ஆபத்து பின்சீட்டு வழியாகத்தான் வருகிறது.

அப்புறம் நடித்துக் காட்டச் சொன்னார். ஒருவன் சாவியோடு நிற்கும் சீனியர், இன்னொருத்தி அவனோடு வந்தவள், நேரம் ராத்திரி, கடைசி பஸ் போய்விட்டது. முதலில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், ‘நீங்க குடிச்சிருக்கீங்க, ஓட்டாதீங்க.’ சீனியராக நடித்தவன் உடனே ‘யாரு, நானா?’ என்று எகிறினான், நன்றாக நடித்தான், அனுபவம் போல. அக்கா நிறுத்தினார். போதையில் இருப்பவனிடம் போதையில் இருக்கிறாய் என்று சொன்னால் பேச்சு அவன் கௌரவத்தைப் பற்றியதாக மாறிவிடும், அதில் நீ ஜெயிக்கவே முடியாது, அவன் போதையைப் பேசாதே, உன் பயணத்தைப் பேசு என்றார். ‘நான் வேற வண்டியில போறேன், நீங்களும் என்கூட வாங்க.’ ‘எனக்குத் தலை சுத்துது, பைக்ல வர முடியாது.’ பொய்தான், சொல்லு, பரவாயில்லை. இருவர் மட்டும் நின்று வாதாடாதே, அவன் மதிக்கிற மூன்றாவது ஆளைக் கூப்பிடு. சாவியைப் பிடுங்காதே, முன்னாலேயே வாங்கி வை, ‘உங்க பைக்கை ஒரு நிமிஷம் நகர்த்தணும்’ என்று கேட்டால் யாரும் தருவார்கள். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் தாங்களே சேர்த்தார்கள். ‘பெட்ரோல் டியூபை மூடிடலாம் அக்கா, கொஞ்ச தூரத்துல தானா நின்னுடும்’ என்றான் ஒருத்தன். நடு ரோட்டில் நிற்கும் என்பதால் அது மட்டும் தள்ளுபடி ஆனது.

‘இன்னிக்கு நீ ஓட்டுறவன், நீ குடிக்காத’ என்று ஒருவரை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் பேசினார். 1988இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் தொலைக்காட்சித் தொடர்களின் வசனங்களுக்குள்ளேயே இதைப் புகுத்தி அமெரிக்கா முழுக்கப் பரப்பினார்களாம். நல்ல யோசனைதான், ஆனால் நடைமுறையில் இருப்பவர்களில் கம்மியாகக் குடித்தவனே கடைசியில் ஓட்டுநர் ஆகிறான் என்றார். சிரிப்பு எழுந்தது, சிலர் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தார்கள். ஆளை முடிவு செய்வது முதல் கோப்பைக்கு முன், அவன் அளவு பூஜ்யம், இந்த இரண்டும் இல்லையென்றால் அது வெறும் பேச்சு.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி கேட்டாள். ‘ஓட்டுறது எங்கப்பாவா இருந்தா அக்கா?’

அரங்கம் நின்றுவிட்டது. அக்கா உடனே பதில் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு மெதுவாக, அந்த நேரத்தில் அப்பாவிடம் வாதாட வேண்டாம், உன்னால் முடிந்தால் ஏறாமல் இருக்க ஒரு காரணம் சொல்லு, முடியாமல் போனால் அது உன் தப்பு இல்லை, ஆனால் அடுத்த தடவைக்கு இன்றே ஒரு ஏற்பாடு செய், எந்தப் பெரியவர் சொன்னால் அப்பா கேட்பார் என்று யோசி, அந்தப் பெரியவரிடம் போய்ப் பேசு, ராத்திரி எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்று முடிவு செய்து வை என்றார். நிகழ்ச்சி முடிந்து அவளோடு தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பக் காத்திருந்த மற்ற மூன்று பேரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பள்ளிகளில் நடக்கும் இந்த வகை நிகழ்ச்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவில் 2005இல் வெளியான ஒரு மதிப்பீடு, குடித்தவரோடு வண்டியில் போவதை வகுப்பறைப் பயிற்சிகள் குறைக்கின்றன என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, குடித்துவிட்டுத் தானே ஓட்டுவதைக் குறைக்கின்றனவா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்கிறது. அக்காவின் முக்கால் மணி நேரம்தான் ஆதாரம் உள்ள பக்கத்தில் நின்றது, அதற்குத்தான் கடைசி இடம். ஓட்டுகிறவனை மாற்றுவதற்கு வேறு பெரிய ஆயுதங்கள் இருக்கின்றன. சாலையில் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனைச் சாவடிகள் மது சார்ந்த விபத்துகளைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாக 2002இல் வந்த ஒரு தொகுப்பு சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று ஆரம்பித்ததை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். எந்தக் கல்லூரி அரங்கமும் அதற்கு ஈடாகாது, ஈடாகும் என்று இந்தக் குழுக்கள் விளம்பரம் செய்யாமல் இருந்தால் நல்லது.

முடிவில் உறுதிமொழி. பெரிய துணிப் பதாகை, மார்க்கர் பேனா, எல்லோரும் கையெழுத்து, முதல்வரோடு படம். ஒருவன் நடிகர் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தான். கையெழுத்து வாங்குவதென்றால் 1981இல் அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து, குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிராக ஆரம்பித்த ‘சாட்’ என்ற மாணவர் அமைப்பின் பழைய ஒப்பந்தம் மாதிரி ஒன்றை வாங்கலாம். அதில் பிள்ளை மட்டும் கையெழுத்துப் போடாது, பெற்றோரும் போட வேண்டும். எந்த நேரமானாலும் நான் அழைப்பேன் என்று பிள்ளை, எந்த நேரமானாலும் வந்து கூட்டிப்போவேன், அந்த நேரத்தில் கேள்வி கேட்க மாட்டேன், திட்ட மாட்டேன் என்று பெற்றோர். குடிக்க அனுமதிப்பதாக ஆகிவிடும் என்று அதை எதிர்த்தவர்களும் உண்டு, அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பையன் வீட்டுக்கு போன் செய்யாமல் குடித்தவன் பின்னால் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அப்பாவின் குரல்தான். எங்கள் பதாகை இப்போது பொருள் அறையில் சுருண்டு கிடக்கிறது.

சேவையாகப் பார்த்தால் இன்னும் இரண்டு குறை. மூன்று மாதம் கழித்துத் திரும்ப வருவோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள், வரவில்லை, இரண்டு முறை கேட்டும் ‘ஷெட்யூல் பண்றோம் சார்’ என்ற பதில்தான். கருத்துப் படிவத்தில் சிரித்த முகம், சாதா முகம், அழுத முகம், நிகழ்ச்சி பிடித்ததா என்று மட்டும் கேள்வி. பிடித்ததா என்றால் பிடித்திருக்கும், ஒரு நாள் வகுப்பே இல்லையே! நான்கு மாதம் கழித்து நானே பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளில் ‘என்ன ஞாபகம் இருக்கிறது, எதையாவது பயன்படுத்தினீர்களா’ என்று கேட்டேன். ஞாபகத்தில் கண்ணாடிதான் முதலிடம், நான் நாற்காலியில் மோதியது இரண்டாம் இடம். ஆனால் பயன்படுத்தியதாக எழுதியவர்கள் எல்லோரும் எழுதியது பின்சீட்டுக் கதைதான். ‘தலை சுத்துதுன்னு சொல்லி இறங்கிட்டேன்.’ ‘பைக்கை நகர்த்தணும்னு சாவி வாங்கினேன், இன்னும் திட்டுறான்.’ ஒரு சீட்டில் ‘அத்தைகிட்ட பேசிட்டேன்’ என்று மட்டும் இருந்தது, யார் எழுதியது என்று எனக்குத் தெரியும் போல இருந்தது, நான் கேட்கவில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அதில் இரண்டு அக்காவுக்கு, ஒன்று ஒல்லி இளைஞருக்கும் நொண்டி நடந்தவருக்கும் பாதிப் பாதி. நீங்கள் அழைப்பதாக இருந்தால் இருபத்தைந்து பேருக்கு மேல் உட்கார வைக்காதீர்கள், வீடியோ வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லுங்கள், விற்பனை கூடாது என்று எழுதி வாங்குங்கள், பின்சீட்டுப் பகுதியைக் காலையில், எல்லோரும் தூங்காமல் இருக்கும் நேரத்தில், குறைந்தது இரண்டு மணி நேரம் கேளுங்கள்.

நானும் இந்த வருடத்துக்கு அப்படித்தான் கேட்டு எழுதினேன், கண்ணாடியும் வேண்டாம் என்று சேர்த்து. பதில் அக்காவிடமிருந்தே வந்தது: ‘கண்ணாடி இல்லன்னா பசங்க வரமாட்டாங்க சார்.’ அவர் சொல்வதும் சரிதான். ஒரே ஒரு கண்ணாடி கொண்டு வாருங்கள், ஆளுக்கு ஒரு தடவைதான், துடைக்கத் துணியும் வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.